காயத்தைத் தொடும் முன் காவலரிடம் அனுமதி கேளுங்கள்: பகுதிகள் வழிச் சிகிச்சையின் முதல் படிகள்

"ஒரு மனசு எல்லாத்தையும் சொல்லிடுங்குது, இன்னொரு மனசு வாயைத் திறக்காதேங்குது." ஆலோசனைக்கு வருபவர் இப்படிச் சொன்னால் அங்கிருந்தே தொடங்கலாம். அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் 1980களில், உணவுக் கோளாறால் அவதிப்பட்டவர்களிடம் இத்தகைய பேச்சைக் கூர்ந்து கேட்டுத்தான் ஐ.எஃப்.எஸ். (Internal Family Systems, அதாவது மனதுக்குள் ஒரு குடும்பம் போல வாழும் பகுதிகளோடு பேசும் சிகிச்சை) முறையை உருவாக்கினார்.

மனதுக்குள் கேட்கும் இந்த வெவ்வேறு குரல்கள்தான் 'பகுதிகள்'. அவற்றை அவர் மூன்று வகையாகப் பார்த்தார். பழைய வலியைச் சுமந்து ஒடுங்கிக் கிடப்பவை ஒரு வகை. அந்த வலி தலைதூக்காதபடி எல்லாவற்றையும் கட்டுக்குள் வைப்பவை இன்னொன்று. மீறி வந்துவிட்டால் குடியாலோ கோபத்தாலோ அதை அமுக்குபவை மூன்றாவது. பின்னிரண்டும் காவலர்கள்.

1. முதலில் ஆலோசனைக்கு வந்தவரின் இன்றைய நிலையைப் பாருங்கள். வீட்டில் இப்போதும் அடி விழுகிறதா, தற்கொலை எண்ணம் இருக்கிறதா? இருந்தால் பாதுகாப்புக்கான வேலைதான் முதலில். மனச்சிதைவு அறிகுறி தெரிந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.

2. ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் அது எங்கே தெரிகிறது? தொண்டை அடைப்பா, நெஞ்சில் பாரமா?

3. "அதைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது?" இந்த முறையின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான்.

"எரிச்சலா இருக்கு மேடம். அதாலதான் நான் யார்கிட்டயும் பேசாம இருக்கேன்."

எரிச்சல்படுவதும் ஒரு பகுதிதான். "கொஞ்சம் தள்ளி உட்காருமான்னு அந்த எரிச்சலைக் கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். கொஞ்ச நேரத்தில், "பாவம், அதுவும் களைச்சுப் போயிருக்கு" என்று குரல் தணிந்து வரலாம். அந்தப் பரிவு வந்த பிறகே மேலே போங்கள். வராவிட்டால் அன்றைக்கு அதோடு நிறுத்தலாம், தவறே இல்லை.

4. காவலரிடம் கேட்கச் சொல்லுங்கள்: "நீ இந்த வேலையை விட்டுட்டா என்ன ஆகும்னு பயப்படுற?" பதில் பெரும்பாலும் நேராகக் காயத்தைக் காட்டிவிடும். அதற்காக உடனே அங்கே பாய்ந்துவிடாதீர்கள். காவலரை மீறிப் போனால், அடுத்த சில நாட்களில் குடியோ கையைக் கீறிக்கொள்வதோ கூடிவிடக்கூடும்.

5. காவலர் சம்மதித்த பிறகு, காயம்பட்ட பகுதி தனக்கு நடந்ததைச் சொல்லும். ஆலோசனைக்கு வந்தவர் அதன் பக்கத்தில் இருந்து கேட்பார். சொல்லி முடித்ததும், அது சுமந்த அவமானத்தையோ பயத்தையோ நீரிலோ நெருப்பிலோ விடுவதாக மனக்கண்ணில் காணச் சொல்வார்கள். இந்தப் படியை முறையான பயிற்சியும் மேற்பார்வையாளரும் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

அடுத்த அமர்வில் முதலில் காவலரை விசாரியுங்கள்: இந்த வாரம் எப்படிப் போனது, பழைய வேலையையே செய்ய வேண்டியிருந்ததா, இனி வேறு என்ன செய்ய ஆசை?