குஷ் எந்த வரிசையில் வரும்? பண்டைய நாகரிகங்களை வகைப்படுத்தும் முறை

பண்டைய நாகரிகம் ஒன்றைப் பற்றிப் பாடக்குறிப்போ கட்டுரையோ எழுதுபவர், அது எங்கே இருந்தது, அதன் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், இன்று அதற்கு உரிமை கொண்டாடுபவர்கள் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் தனித்தனியே விடை எழுத வேண்டும். ஒன்றின் விடையைக் கொண்டு மற்றொன்றை நிரப்பக்கூடாது. இதைப் பழகிக்கொள்ள, நெடுங்காலம் எகிப்தின் பின்னிணைப்பாகவே எழுதப்பட்டு வந்த பண்டைய ஆப்பிரிக்க நாகரிகமான குஷ் மிகவும் ஏற்றது.

முதலில் இடத்தைக் குறிக்கவும். இன்றைய நாட்டின் பெயரைவிட ஆற்றையும் நிலத்தையும் சொல்வது துல்லியமானது. குஷ், தென் எகிப்து நகரான அஸ்வானுக்குத் தெற்கே நைல் ஆற்றங்கரையில் இருந்தது. ஆற்றின் போக்கில் படகுகளை மறிக்கும் பாறைப்பகுதிகளில் மூன்றாவதன் அருகே கெர்மாவும், நான்காவதன் அருகே நப்பட்டாவும், மேலும் தெற்கே மெரோவேயும் அடுத்தடுத்துத் தலைமையிடங்களாயின. பழைய பெயர்களை இன்றைய வரைபடத்தில் அப்படியே ஒட்டிவிடக்கூடாது. தமிழ் விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தியோப்பியரின் அரசியாக வரும் கந்தாகே, உண்மையில் மெரோவேயின் அரசியே. இன்றைய எத்தியோப்பியா வேறு நிலம்.

அடுத்தது பண்பாடு. அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். 1913 முதல் 1916 வரை கெர்மாவில் அகழாய்வு செய்த அமெரிக்கத் தொல்லியலாளர் ஜார்ஜ் ரைஸ்னர், பெரிய கல்லறைமேடு ஒன்றில் எகிப்திய ஆளுநர் ஒருவருடைய சிலையையும் அவர் மனைவியின் சிலையையும் கண்டு, கெர்மாவை ஆண்டவர்கள் எகிப்தியரே என்று முடிவு கட்டினார். கறுத்த ஆப்பிரிக்கர் தாமாகவே ஓர் அரசை அமைத்திருக்க முடியாது என்ற அக்காலத்து இனப்பார்வைக்கும் இந்த முடிவில் பங்கு உண்டு. ஆனால் அச்சிலைகள் எகிப்திலிருந்து கொண்டுவரப்பட்டவை. பெரும்பாலும் கொள்ளைப் பொருள்கள். குஷ் படைகள் எகிப்துக்குள் புகுந்து தாக்கியதைச் சொல்லும் கல்வெட்டு 2003இல் தென் எகிப்தின் எல்-காபில் வெளிப்பட்டது.

ஆகவே ஒரு பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதைவிட, அதைப் பயன்படுத்தியவர்களின் வழக்கம் என்ன என்பதையே முதன்மைச் சான்றாகக் கொள்ளவும். கெர்மாவில் இறந்தவரைக் கட்டிலில் ஒருக்களித்துக் கிடத்தி, அதன்மேல் வட்டமான மண்மேடு எழுப்பி, அருகே மாட்டு மண்டையோடுகளை வரிசையாக வைத்தார்கள்; ஒரே மேட்டின் முன் 4,000க்கும் மேற்பட்டவை கிடைத்திருக்கின்றன. வாய்ப்பகுதி கறுத்து, உடல் சிவந்த, மிக மெல்லிய மண்கலங்களும் அவர்களுடையவை. இவை எதுவும் அக்காலத்து எகிப்திய வழக்கம் அல்ல.

காலப்பிரிவை விட்டுவிட்டால் இந்தச் சான்றுகளும் குழப்பிவிடும். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் நப்பட்டாவிலிருந்து சென்று எகிப்தை வென்ற குஷ் அரசர் பியே, எகிப்தியரின் அமுன் கடவுளை வணங்கினார், எகிப்திய எழுத்தில் வெற்றிக் கல்வெட்டு பொறித்தார், பிரமிடின் கீழே அடக்கம் செய்யப்பட்டார். ஆனால் நப்பட்டாவுக்கு அருகே எல்-குர்ருவில் உள்ள அந்தக் கல்லறைக்குள், கட்டிலின் கால்கள் பொருந்துவதற்கென்று பாறைத் திண்ணை செதுக்கப்பட்டிருக்கிறது; கெர்மாவின் வழக்கம் பல நூற்றாண்டுகள் கழித்துப் பிரமிடுக்கடியிலும் தொடர்ந்திருக்கிறது. ஆகவே கடன் வாங்கியவை, தொடர்ந்து வந்தவை என்று இரண்டு பத்திகள் பிரித்து எழுதவும். மெரோவே காலத்தில் சிங்கமுகக் கடவுளான அபெடெமக், தனி எழுத்துமுறை என்று மூன்றாவது பத்தியும் தேவைப்படும். அந்த எழுத்துகளின் ஒலிகள் தெரிந்தாலும் மொழி பெரும்பகுதி விளங்காததால், மொழிக்குடும்பத்தை மட்டும் வைத்து குஷ்ஷை வகைப்படுத்த வேண்டாம்.

இன்றைய அடையாளத்தைக் கடைசியில், தனியாக எழுதவும். குஷ் இருந்த நைல் பகுதிக்கு நூபியா என்றும் பெயர். நூபியர்கள் இன்று எகிப்து, சூடான் என்ற இரு நாடுகளிலும் வாழ்கிறார்கள்; 1960களில் அஸ்வான் அணை நீரில் ஊர்கள் மூழ்கிப் பலர் இடம்பெயர்ந்தார்கள். 2019இல் சூடானில் நடந்த மக்கள் போராட்டத்தில் முன்நின்ற பெண்கள், மெரோவே அரசியரின் பட்டப்பெயரைக் கொண்டு ‘கந்தாகா’ என்று போற்றப்பட்டார்கள். இவை மதிப்புள்ள இன்றைய வரலாறு. ஆனால் கெர்மாவில் புதைக்கப்பட்டவர் யாருடைய மூதாதை என்பதற்குச் சான்றாகா. குஷ் மக்களின் தோல் நிறத்தை வைத்து நடக்கும் வாதத்தையும் இந்தப் பகுதியிலேயே நிறுத்திவிடுவது நல்லது.

பதிவை இப்படி எழுதலாம்: “குஷ்: நடு நைல் பகுதி, ஏறத்தாழ கி.மு. 2500 முதல் கி.பி. 4ஆம் நூற்றாண்டு வரை. கெர்மா, நப்பட்டா, மெரோவே ஆகிய கட்டங்கள். எகிப்துடன் போரும் வணிகமும் ஆட்சியும். இடங்கள் பெரும்பாலும் இன்றைய சூடானில்.” கி.மு. 1500க்குப் பிறகு சில நூற்றாண்டுகள் எகிப்து நூபியாவை ஆண்ட காலத்தை மட்டும் இரு நாகரிகங்களின் கீழும் குறித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பார்க்கச் சொல்லிவிடவும்.