உருகியது எந்தப் பனி? காலநிலைத் தரவுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துருவப் பனி உருகுகிறது என்ற செய்தி வரும்போதெல்லாம் பாம்பன், கீழக்கரை, தொண்டி என ராமநாதபுரம் கரையில் வாழும் நமக்கு முதலில் எழும் கேள்வி, நம் கடல் எவ்வளவு உயரும் என்பதே. அதற்கான விடை, உருகியது எந்தப் பனி என்பதைப் பொறுத்தது. எல்லாவற்றையும் பனிப்பாறை என்றே எழுதிவிடுவதால் அந்த விடை கிடைக்காமலே போகிறது.

கடல்நீரே ஏறத்தாழ மைனஸ் 1.8 டிகிரி செல்சியசில் உறைந்து உண்டாவது கடற்பனி. அது ஏற்கெனவே மிதப்பதால், நீர்த்தொட்டியில் மிதக்கும் ஐஸ் கட்டி கரைந்தாலும் தொட்டி வழியாததைப் போல, உருகினாலும் கடல்மட்டத்தை நேரடியாக உயர்த்துவது மிகச் சொற்பம். மாறாக, நிலத்தின்மேல் பெய்து இறுகிக் கிடக்கும் பனிவிரிப்புகள் முழுவதும் உருகினால், கிரீன்லாந்தால் மட்டும் உலகக் கடல்மட்டம் சுமார் 7 மீட்டரும், அண்டார்டிகாவால் சுமார் 58 மீட்டரும் உயரும். ஆகவே, ஆர்க்டிக் கடற்பனி குறைந்ததைக் காட்டும் படத்தை வைத்துக்கொண்டு தனுஷ்கோடி மூழ்கும் என்று எழுதுவது தவறு. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்பரப்பு சுருங்குவதால் கடற்பனியின் இழப்பும் கவலைக்குரியதுதான். ஆனால் அது வெப்பத்தின் கணக்கு, கடல்மட்டத்தின் கணக்கு அன்று.

கிரீன்லாந்து வெகுதொலைவில் இருக்கிறது என்று ஆறுதல் கொள்வதும் சரியன்று. அந்தப் பெரும்பனித்திரள் தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல்நீரை இழுத்து வைத்திருக்கிறது. அது கரையக் கரைய அதன் அருகே கடல்மட்டம் தாழ்ந்து, நம்மைப் போன்ற தொலைதூர வெப்பமண்டலக் கரைகளில் உலகச் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாகவே உயர்கிறது.

நிலப்பனி கடலுக்குள் நீண்டு மிதக்கும் பகுதி பனித்தட்டு. இந்தியாவின் முதல் அண்டார்டிக் நிலையமான தட்சிண கங்கோத்ரி இத்தகைய தட்டின்மீதுதான் நின்று, பின்னர் பனியில் புதைந்தது. 2002-ல் அண்டார்டிகாவின் லார்சன் பி பனித்தட்டு உடைந்தபோது கடல்மட்டம் நேரடியாக உயரவில்லை. ஆனால் அது தடுத்து வைத்திருந்த பனியாறுகள் வேகமெடுத்துக் கடலில் இறங்கின. மிதப்பதுதானே என்று பனித்தட்டைக் கடற்பனியோடு சேர்த்துத் தள்ளிவிடக் கூடாது.

எண்களை ஒப்பிடுவதில் இன்னும் கவனம் வேண்டும். செயற்கைக்கோள் படத்தின் ஒரு கட்டத்தில் 15 விழுக்காடாவது பனி இருந்தால் அந்தக் கட்டம் முழுவதையும் சேர்த்துக்கொள்வது கடற்பனியின் வீச்செல்லை. உள்ளே உண்மையில் மூடியுள்ள அளவை மட்டும் கூட்டுவது பரப்பளவு. ஓர் ஆண்டின் வீச்செல்லையை மற்றோர் ஆண்டின் பரப்பளவோடு ஒப்பிட்டால் நிகழாத வீழ்ச்சி தெரியும். இரண்டுமே பனியின் தடிமனைச் சொல்வதில்லை. நிலப்பனியின் இழப்பு சதுர கிலோமீட்டரில் அன்றி எடையில் தரப்படும். ஏறத்தாழ 36,000 கோடி டன் நிலப்பனி கடலில் சேர்ந்தால் உலகக் கடல்மட்டம் 1 மில்லிமீட்டர் உயரும்.