வயிற்றுக்குள் குழாய் விடுவதற்கு முன் கேட்டறிய வேண்டியவை

ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ இருந்து வயிற்றுக் கோளாறு என்று ஸ்டான்லி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள தனியார் மருத்துவமனைக்கோ சென்றவரிடம் ‘குழாய் விட்டுப் பார்க்க வேண்டும்’ என்று மருத்துவர் சொன்னால், எந்தப் பரிசோதனை, எதற்காக, பார்ப்பதற்கு மட்டுமா அல்லது சிகிச்சைக்கும் சேர்த்தா என்ற மூன்றையும் கேட்டறிய வேண்டும். ஆபத்தின் அளவு பெரும்பாலும் மூன்றாவது கேள்விக்கான விடையைப் பொறுத்தது.

வாய் வழியாகச் செய்யும் எண்டோஸ்கோபி உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் ஆகியவற்றைக் காட்டும். சாதாரண நெஞ்செரிச்சலுக்கு உடனே இது தேவைப்படுவதில்லை. ஆனால் விழுங்குவதில் தடை, காரணமில்லாத எடைக்குறைவு, இரத்தசோகை, கறுத்த மலம் ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. பொதுவாக ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்வார்கள். பார்ப்பதோடு முடிந்தால் பெரிய சிக்கல் மிக அரிது.

பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபியில் பாதி வேலை நோயாளியுடையது. குடல் சுத்தமாக இல்லாவிட்டால் சிறு கட்டிகள் கண்ணில் படாமல் போகும். எல்லாவற்றையும் மறுபடி தொடங்க நேரிடும். ஆகவே இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே கீரை, கொய்யா, தக்காளி விதை, முட்டைக்கோஸ் ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். கடற்கரை ரயில் நிலையம் பக்கத்தில் விற்கும், முட்டைக்கோஸ் சேர்த்த பர்மிய நூடுல்ஸான அத்தோவும் அதில் அடக்கம் என்பது பலருக்கு வருத்தமே. முந்தைய நாள் பால் சேர்க்காத தேநீர், வடிகட்டிய சூப், இளநீர் போன்ற தெளிந்த பானங்கள் போதும். ரோஸ் மில்க், பீட்ரூட் சாறு வேண்டாம், சிவப்பு நிறம் இரத்தம்போல் தோன்றும். பேதி மருந்தை முந்தைய மாலை பாதியும் பரிசோதனை நாள் அதிகாலையில் மீதியுமாகக் குடிப்பது குடலை நன்கு சுத்தமாக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரும் சில வகைப் பேதி மருந்துகளும் தமக்கு ஆகுமா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். குடலில் ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. கட்டியை அகற்றினால் அந்த வாய்ப்பு கூடும், இரண்டு வாரம் வரை இரத்தக் கசிவும் வரலாம்.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பித்தநாளக் கல்லை எடுக்கும் இ.ஆர்.சி.பி.யை இவற்றோடு ஒன்றாகக் கருதக் கூடாது. நூற்றில் 3 முதல் 10 பேருக்குக் கணைய அழற்சி வருவதால், இன்று இதைச் சிகிச்சைக்கே பயன்படுத்துகிறார்கள். பார்ப்பதற்கு மட்டும் என்றால் குழாய் விடாமலே பித்தநாளத்தைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் போதாதா என்று கேட்பதில் தவறில்லை.

எந்தப் பரிசோதனையானாலும், உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலை எழுதியே கொடுக்க வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது, பரிசோதனையைவிட ஆபத்தானது. நீரிழிவு மாத்திரையும் இன்சுலினும் பட்டினி நாளில் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்குவதால், கொலனோஸ்கோபிக்குச் சுமார் ஒரு வாரம் முன்பு நிறுத்தச் சொல்வார்கள்.

மயக்க ஊசி போட்டிருந்தால் அடுத்த 24 மணி நேரம் வண்டி ஓட்டவோ பத்திரத்தில் கையெழுத்திடவோ கூடாது, துணையாக ஒருவர் வர வேண்டும். வீடு திரும்பிய பின் தணியாத வயிற்றுவலி, காய்ச்சல், மூச்சுத்திணறல், இரத்த வாந்தி, கறுத்த அல்லது இரத்தம் கலந்த மலம் ஆகியவற்றில் எது வந்தாலும், மறுநாள் புறநோயாளிகள் பிரிவு திறக்கட்டும் என்று காத்திராமல், பரிசோதனை அறிக்கையுடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.