போர்களுக்கு இடைப்பட்ட அமெரிக்க அச்சோவியங்கள்: வாங்கும்போதும் சட்டமிடும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1919 முதல் 1939 வரையிலான அமெரிக்க அச்சோவியங்களை வாங்குபவர்கள் அதிகம் சறுக்குவது பென்சில் கையெழுத்தில்தான். கையெழுத்தைக் கண்டதுமே மற்ற எதையும் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். ஓவியர் ஜார்ஜ் பெல்லோஸ் 1925 ஜனவரியில் இறந்தார். அவர் கையெழுத்திடாமல் விட்டுப்போன லித்தோ (கல்லில் வரைந்து எடுக்கும் அச்சு) படிகளில், அதாவது அச்சுப் பிரதிகளில், மனைவி எம்மா கணவரின் பெயரை எழுதி, கூடவே ஈ.எஸ்.பி. என்று தன் முதலெழுத்துகளையும் சேர்த்தார். அவை போலி அல்ல. ஆனால் ஓவியரே கையெழுத்திட்ட படிக்கு உரிய விலையை இவற்றுக்குக் கொடுக்கக் கூடாது. ஓவியர் ரெஜினால்ட் மார்ஷ் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. அவர் 1954இல் மறைந்தார். அவர் கோடு செதுக்கிய 30 உலோக அச்சுத் தகடுகளிலிருந்து விட்னி அருங்காட்சியகம் 1969இல் மறுபடி படிகளை அச்சிட்டது. அந்தப் படிகளில் அருங்காட்சியகத்தின் முத்திரை உண்டு. முத்திரையோடு பென்சில் கையெழுத்தும் இருந்தால், அது மார்ஷ் போட்டதாக இருக்கவே முடியாது.

எத்தனையாவது படி என்று காட்டும் எண் இல்லையே என்று நல்ல படியை ஒதுக்குவதும் தவறு. 1934இல் தொடங்கிய அசோசியேட்டட் அமெரிக்கன் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் தாமஸ் ஹார்ட் பென்டன், கிராண்ட் வுட் போன்றோரின் லித்தோக்களைப் படிக்கு 5 டாலருக்கு விற்றது. பெரும்பாலும் 250 படிகள். எண் போடும் வழக்கம் இல்லை. ஓவியர் ஜான் ஸ்லோன் விளிம்பில் மொத்தப் படிகள் '100' என்று எழுதியிருந்தாலும், பல தகடுகளில் அத்தனை படிகள் அச்சாகவே இல்லை.

லென்ஸில் பார்க்கும்போது ஒரு குழப்பம் வரும். 10 மடங்கு லென்ஸில் புள்ளிகள் தெரிந்ததுமே பத்திரிகை நகல் என்று சொல்லிவிடுவார்கள். லித்தோவிலும் புள்ளி தெரியும். வரையும் கிரேயான், கல்லின் சொரசொரப்பில் பதிவதால் அவை பெரிதும் சிறிதுமாகச் சிதறிக் கிடக்கும். நகலில் புள்ளிகள் கோலப்புள்ளி போல வரிசை பிசகாமல் நிற்கும். தகட்டு விளிம்பு தாளில் பதித்த பள்ளத்தை எட்சிங் (அமிலத்தால் அரித்த உலோகத் தகட்டு அச்சு) போன்றவற்றில்தான் தேட வேண்டும், லித்தோவில் அது இருக்காது. ஓவியர் மார்ட்டின் லூயிஸின் ட்ரைபாயிண்ட்களில் (தகட்டை ஊசியால் நேரடியாகக் கீறி எடுக்கும் அச்சு) கோட்டோரம் வெல்வெட் போன்ற கருமை இருக்கிறதா பாருங்கள். ஊசி கீறும்போது எழும் செப்புப் பிசிறுதான் அந்தக் கருமையைத் தருகிறது. அச்சழுத்தத்தில் பிசிறு சீக்கிரம் தேய்வதால் பிந்திய படிகள் வெளிறிவிடும்.

1935 முதல் 1943 வரை நடந்த அமெரிக்க அரசுத் திட்டமான ஃபெடரல் ஆர்ட் ப்ராஜெக்ட் முத்திரை உள்ள படியைக் கண்டால் அவசரப்படாதீர்கள். அரசுச் சம்பளத்தில் உருவான அந்தப் படைப்புகள் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் ஒதுக்கப்பட்டவை. அவற்றுக்கு அமெரிக்க அரசு இன்றும் உரிமை கோருகிறது. படி எந்த வழியாக விற்பனைக்கு வந்தது என்று எழுத்தில் கேளுங்கள்.

படச் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டவே வெட்டாதீர்கள். கையெழுத்தும் முத்திரையும் அங்கேதான் இருக்கும். செலோடேப், சூட்டில் ஒட்டும் உலர் ஒட்டு இரண்டும் வேண்டாம். படியை அட்டையில் பிடித்து வைக்கச் சிறு ஜப்பானியத் தாள் கீலும் கோதுமை மாப்பசையும் போதும். படியின் மேல் வைக்கும் சாதாரண அட்டையின் அமிலம், அதில் வெட்டிய ஜன்னலின் ஓரமாகத் தாளில் பழுப்புக் கோடு போடும், ஆகவே அமிலமற்ற அட்டையே வேண்டும். வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக் கூடாது. அச்சோவியம் அல்லாமல் கரித்தூள் சித்திரமாக இருந்தால், கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் (பிளாஸ்டிக் தகடு) போடாதீர்கள். அதன் நிலைமின்சாரம் கரித்தூளை இழுத்துவிடும். அதற்குக் கண்ணாடிதான் சரி, அதுவும் தாளைத் தொடாமல்.