பெரிய டயருக்கு ஏற்ற ஆக்சில் ரேஷியோ

டயரைப் பெரிதாக்கியதும் டிரக் இழுக்கத் திணறுகிறதா? புது டயரின் விட்டத்தைப் பழைய விட்டத்தால் வகுத்து, வரும் எண்ணை இப்போதுள்ள ஆக்சில் ரேஷியோவால் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற எண்) பெருக்குங்கள். 31 அங்குலத்திலிருந்து 35-க்குப் போனால், 3.73 என்பது சுமார் 4.21 ஆகும். அது பழைய இழுவையை மீட்க மட்டும்தான். அந்த எண்ணிலேயே கியர் கிடைக்காது, பக்கத்தில் 4.10, 4.30 இருக்கும். பெரிய டயரின் எடையும் சேர்வதால் நான் 4.30-ஐத்தான் எடுப்பேன். டிரெய்லர் இழுப்பவர்கள் 4.56 வரை யோசிக்கலாம். நெடுஞ்சாலையில் என்ஜின் சுழற்சி கூடும், எரிபொருளும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

நான்கு சக்கர இயக்கம் என்றால் முன், பின் இரண்டு ஆக்சிலிலும் ஒரே ரேஷியோ கட்டாயம். அப்புறம், ஸ்பீடோமீட்டரையும் சரிசெய்ய மறக்காதீர்கள்.