பல்லைக் கூட்டினால் மட்டும் விஞ்ச் பலமாகாது

குளச்சல், முட்டம் கரையில் வள்ளத்தை ஏற்றவும், குலசேகரம், அருமனை பக்கம் சரிவில் கிடக்கும் ரப்பர் தடியை ரோட்டுக்குக் கொண்டுவரவும் கைவிஞ்ச் (கைப்பிடியைச் சுற்றிக் கயிற்றை டிரம்மில் இழுக்கும் கருவி) செய்ய லேத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கோரிக்கையோடு போகிறார்கள்: "ஒரு கியர் கூடப் போட்டுத் தாங்க அண்ணே, இழுவை கூடட்டும்." கியர் போட்டால் இழுவை கூடும், சந்தேகமில்லை. கூடிய இழுவை அப்படியே கயிற்றிலும் டிரம்மிலும் ராட்செட்டிலும் (பின்னோக்கிச் சுழலாமல் ஒரு நாக்கு தடுத்துப் பிடிக்கும் பற்சக்கரம்) விஞ்சைக் கட்டிய மரத்திலும் போய் உட்காரும். அவை பழையபடியே இருந்தால், எது முதலில் உடையும் என்பது மட்டும்தான் பாக்கி.

கணக்கைக் கைப்பிடியில் தொடங்குவதுதான் முதல் தவறு. கொக்கியில் தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும்.

எடை வேறு, இழுவை வேறு

எஞ்சினும் வலையும் சேர்த்து 1,200 கிலோ வரும் ஒரு வள்ளத்தை எடுத்துக்கொள்வோம். காய்ந்த மணலில் வெறுமனே இழுத்தால் உராய்வுக்கு மட்டும் எடையில் பாதிக்கு மேல் போகும், சுமார் 0.6 என்று வைக்கலாம். கரை எட்டுக்கு ஒன்று ஏறுகிறது என்றால் அதற்கு இன்னும் 0.125. மொத்தம் 870 கிலோ இழுவை. ஈர மணலில் அமர்ந்துவிட்ட வள்ளத்தை முதல் அசைவு அசைக்க இதைவிடக் கூடுதலாகத் தேவை. ஆகவே எடைக்குச் சமமான இழுவை வேண்டும் என்று வைத்துக்கொள்வதில் பிழையில்லை.

அதே வள்ளத்துக்கு அடியில் பலகை விரித்து, உருளைக் கட்டை வைத்தால் உராய்வு 0.15 அளவுக்கு இறங்கும். இழுவை 330 கிலோவில் முடிந்துவிடும். நான்கு பலகை, ஆறு உருளை செய்யும் வேலையை எந்தக் கியரும் இவ்வளவு மலிவாகச் செய்யாது. 'பலமான விஞ்ச் வேண்டும்' என்று வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது இதுதான் என்பது என் எண்ணம்.

அடுத்தது கப்பி. கயிற்றை வள்ளத்தில் கட்டிய கப்பி வழியாகத் திருப்பி, கரையில் வேறொரு பிடிமானத்தில் கட்டினால், உராய்வில் போகும் கொஞ்சம் நீங்கலாக இழுவை இரட்டிப்பாகும். கயிறு இரு மடங்கு வேண்டும், வேகம் பாதியாகும். இதில் மறப்பது ஒன்று உண்டு: கப்பியின் கொக்கி, விஞ்ச் இழுப்பதைப்போல் இரு மடங்கைத் தாங்கியாக வேண்டும். கிணற்றுக் கப்பியைக் கொண்டுவந்து மாட்டக் கூடாது.

ஒன்றைக் கூட்டினால் எல்லாம் கூடும்

இத்தனைக்குப் பிறகும் 1,000 கிலோ இழுக்கும் விஞ்ச்தான் வேண்டும் என்றால், கயிற்றிலிருந்து வருவோம். 8 மி.மீ. கம்பிக்கயிறு சுமார் மூன்றரை டன்னில் அறும். இழுவையைப்போல் ஐந்து மடங்காவது அது தாங்க வேண்டும் என்பது வழக்கம்; இங்கே மூன்றரை மடங்குதான் இருக்கிறது. எனவே சுமார் ஐந்தரை டன் தாங்கும் 10 மி.மீ. கயிறு.

கயிறு தடித்ததும் டிரம் பெரிதாக வேண்டும். விட்டம் கயிற்றைப்போல் 18 முதல் 20 மடங்கு இருந்தால் கம்பி இழைகள் வளைந்து வளைந்து ஒடியாமல் நிற்கும். நம் கணக்குக்கு 200 மி.மீ. டிரம். கடைகளில் கிடைக்கும் சின்ன விஞ்ச்களில் 60, 70 மி.மீ. குழாயே டிரம்மாக இருப்பதைப் பார்த்து அப்படியே செய்துவிடுகிறார்கள். அதில் 10 மி.மீ. கயிற்றைச் சுற்றினால் ஒரே பருவத்தில் முள் முள்ளாகக் கம்பி வெளியே நீட்டும்.

டிரம் பெரிதானதும் கைக்குப் பாரம் ஏறும். ஒரு ஆள் களைக்காமல் தொடர்ந்து சுற்றக் கைப்பிடியில் 15 கிலோ விசை என்று வைக்கலாம். கைப்பிடி நீளம் 350 மி.மீ., கயிற்றின் நடு வரை டிரம் ஆரம் 105 மி.மீ. இரண்டு அடுக்குக் கியரும் புஷ்ஷும் (அச்சு சுழலும் உலோக வளையம்) உராய்வில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்று கழித்தால் கியர் இல்லாமல் 40 கிலோ இழுவை கிடைக்கும். ஆக கியர் விகிதம் 25-க்கு 1 வேண்டும், அதாவது கைப்பிடி 25 சுற்றினால் டிரம் ஒரு சுற்று. ஒவ்வொன்றும் 5-க்கு 1 என்ற இரண்டு ஜோடி.

டிரம்மில் கயிறு ஏற ஏற ஆரம் கூடி இழுவை குறைவதையும் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. 200 மி.மீ. டிரம்மில் மூன்றாவது அடுக்கில் 84 சதவீதம் மிஞ்சும். 80 மி.மீ. டிரம் என்றால் 69 சதவீதம்தான். வள்ளம் மேட்டில் ஏறி முடிக்கிற நேரத்தில்தான் கயிறு அதிகம் சுற்றியிருக்கும், அப்போதுதான் விஞ்ச் வலுவிழந்து நிற்கும். 'ஒரு டன் விஞ்ச்' என்று எழுதுகிறவர்கள் அது எந்த அடுக்கில் என்றும் எழுதிவைப்பது நல்லது.

நேரத்தையும் பார்த்துவிடுவோம். முழு 1,000 கிலோ இழுவையில் 20 மீட்டர் இழுக்கக் கைப்பிடியை 750 தடவைக்கு மேல் சுற்ற வேண்டும். ஒரு மனிதன் தொடர்ந்து தரக்கூடிய ஆற்றல் சுமார் 75 வாட். அதன்படி ஒருவர் சுற்றினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம், இருவர் சுற்றினால் அரை மணி. பல்லை எத்தனை கூட்டினாலும் இந்த நேரம் குறையாது. இரண்டு பக்கமும் கைப்பிடி வையுங்கள். தளர்ந்த கயிற்றை வேகமாகச் சுருட்ட, கைப்பிடியை நேரடியாக டிரம் பக்கம் மாட்ட இடம் ஒன்றும் வையுங்கள்.

கைப்பிடியில் பைப் சொருகுவது

கள்ளக்கடல் (முன்னறிவிப்பின்றிக் கரையேறும் பேரலை) ஏறி வரும்போது யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள். வள்ளம் அசையவில்லை என்றதும் கைப்பிடியில் ஒரு ஜிஐ பைப்பைச் சொருகி, இரண்டு பேர் தொங்குவார்கள். இருவரும் சேர்ந்து 60 கிலோ கொடுத்து, பைப்பால் நீளமும் இரட்டித்தால், 15 கிலோவுக்குத் திட்டமிட்ட விஞ்சில் எட்டு மடங்கு ஏறும். காகிதத்தில் எட்டு டன். கயிறு ஐந்தரையில் அறும்.

கியர் குறைவாக இருந்தபோது, பாரம் கூடினால் கையே சொல்லிவிடும். 25-க்கு 1 என்றானதும் அந்த உணர்வு கைக்கு எட்டாது. ஆகவே எங்கே உடைய வேண்டும் என்பதை நாமே முன்கூட்டி முடிவு செய்துவிட வேண்டும். கைப்பிடிக்கும் முதல் சாஃப்டுக்கும் (சுழலும் தண்டு) இடையே ஒரு சிறிய பின் (ஆணி), அளவுக்கு மீறினால் அறுந்துபோகிற மாதிரி. வாளியில் பத்துப் பின் கூடுதலாகப் போட்டு வைக்கலாம். பின் அறுந்ததும் அந்த இடத்தில் எளிதில் அறாத ஹை டென்சில் போல்ட்டைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் அந்த விஞ்சை வைக்க வேண்டும்.

ராட்செட் எந்த சாஃப்டில்?

உயிரை வாங்குகிற தவறு இங்கேதான் இருக்கிறது. கைப்பிடி சாஃப்டில் ராட்செட் வைப்பது சுலபம். அங்கே முறுக்கம் (திருகும் விசை) டிரம்மில் இருப்பதில் 25-ல் ஒரு பங்குதான், சின்னச் சக்கரமும் மெல்லிய நாக்கும் போதும். டிரம்மில் வைத்தால் 200 மி.மீ. ராட்செட் சக்கரத்தின் ஒரே பல்லில் ஒரு டன்னுக்கு மேல் வந்து நிற்கும். செலவு பார்க்கிறவர்கள் முன்னதைத் தேர்ந்தெடுப்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் இடையில் ஒரு கியர் பல் போனாலோ, கியரைச் சாஃப்டோடு பூட்டும் கீ நழுவினாலோ, கைப்பிடி பக்கத்து ராட்செட் டிரம்மைப் பிடிக்காது. வள்ளம் பின்னால் போகும். அதன் பின்னால் தள்ளிக்கொண்டு நிற்பவர்கள் இருப்பார்கள். டிரம்மின் விளிம்பிலேயே ராட்செட்டைப் போல்ட் செய்யுங்கள். மேலே சொன்ன பின் அறுந்தாலும் பாரம் நகராமல் நிற்பது இதனால்தான். நாக்கு தன் எடையால் விழ வேண்டும், அதோடு ஸ்பிரிங்கும் இருக்க வேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் நம்பினால் உப்புக்காற்றில் அது எப்போது துருவேறி ஒடியும் என்று தெரியாது.

ராட்செட் பாரத்தைப் பிடித்து நிறுத்தும், இறக்காது. பாரம் தொங்கும்போது நாக்கைத் தூக்கிவிட்டுக் கைப்பிடியைக் கையால் பிடித்து இறக்கலாம் என்று நினைத்தால், கை தவறிய நொடியில் கைப்பிடி விசிறிபோல் சுழலும். மணிக்கட்டு, தாடை எதுவும் தப்பாது. இறக்குவதற்குத் தனியாகப் பட்டை பிரேக் வேண்டும். அதிலும் ஒரு நுட்பம்: பாரம் பின்னோக்கி இழுக்கும்போது பட்டையின் எந்த முனை இறுகுகிறதோ அதைச் சட்டத்தில் கட்ட வேண்டும், தளர்கிற முனையை நெம்புகோலில் கட்ட வேண்டும். முக்கால் சுற்றுப் பட்டையில் இதை மாற்றிக் கட்டினால் அதே பிடிக்கு நெம்புகோலில் சுமார் நான்கு மடங்கு விசை தேவைப்படும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

வார்ம் கியர் (திருகுபோன்ற தண்டு சக்கரத்தைச் சுழற்றும் வகை) போட்டால் பிரேக்கே வேண்டாம், அது பின்னோக்கிச் சுழலாது என்று சொல்கிறவர்கள் உண்டு. தானாகப் பூட்டிக்கொள்ளும் வார்ம் கியரில் நாம் கொடுக்கும் உழைப்பில் பாதிக்கு மேல் சூடாகப் போய்விடும். கையால் சுற்றுகிறவனுக்கு அது பெரிய தண்டனை. அதிர்வு வந்தால் அதுவும் மெல்ல வழுக்கும்.

பழைய இரும்புக்கடைக் கியர்

பழைய கியர் வாங்குவது தவறில்லை. கண்ணளவில் பொருந்துகிறது என்று ஜோடி சேர்ப்பதுதான் தவறு. மாட்யூல் (பல்லின் அளவு) ஒன்றாக இருந்தாலும் பல்லின் அழுத்தக் கோணம் ஒன்று பதினான்கரை டிகிரி, மற்றது 20 டிகிரி என்றால் சேராது. சுற்றும்போது கடகடக்கும், பாரத்தில் பல் நுனி மட்டும் தாங்கி நொறுங்கும். ஒரே ஜோடியில் பெரிய விகிதம் வேண்டும் என்று 10, 11 பல் வைத்துப் பினியன் (ஜோடியில் சின்னக் கியர்) வெட்டச் சொல்வது இன்னொன்று. 20 டிகிரிப் பல்லில் 17-க்குக் கீழே போனால் வெட்டும்போதே பல்லின் அடி குடையப்பட்டு மெலியும். 17-க்கு 85, அப்படி இரண்டு ஜோடி. டிரம் பக்கம் மாட்யூல் 5, அகலம் 40 மி.மீ., இ.என். 8 எஃகு. நம் ஒரு டன் கணக்குக்கு இது தாராளம்.

பெரிய கியரைச் சாஃப்டோடு வெல்டிங் அடிப்பது வழக்கமாகிவிட்டது. இ.என். 8-ல் கரி சுமார் 0.4 சதவீதம். சூடேற்றாமல் வெல்டிங் வைத்தால் ஒட்டின் ஓரத்திலேயே கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். கியரை டிரம்மின் பக்கத் தகட்டில் போல்ட் போட்டு முடுக்கி, நிலையான அச்சில் டிரம் புஷ்ஷோடு சுழலும்படி செய்தால், அந்த அச்சுக்கு முறுக்கமே வராது. வளைவை மட்டும் தாங்கினால் போதும். வெல்டிங்குக்கும் வேலை இல்லை. தனியே முறுக்கம் தாங்கும் சாஃப்ட் என்றால், தடிமனைக் கொஞ்சம் கூட்டினாலே பலன் அதிகம்: 25 மி.மீ.யை 32 ஆக்கினால் வலு இரட்டிப்புக்கு மேல்.

எதில் கட்டுவது

விஞ்ச் வள்ளத்தை ஒரு டன் இழுத்தால் வள்ளமும் விஞ்சை ஒரு டன் இழுக்கிறது. கரையில் பக்கத்தில் நிற்பது தென்னை, அதில்தான் கட்டுவார்கள். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அலை அரித்து வேர் தெரிய நிற்கும் தென்னையில் இடுப்பு உயரத்தில் சங்கிலி போட்டு இழுத்தால் மரமே வள்ளத்தை நோக்கி வரும். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தரையோடு ஒட்டிக் கட்டுங்கள். நிரந்தர இடம் என்றால், இழுக்கும் திசைக்குக் குறுக்கே ஆழமாகக் குழி வெட்டி ஒரு பனந்தடியைப் புதைத்து, அதன் நடுவிலிருந்து சங்கிலியைச் சரிவாக மேலே எடுப்பது நம்பகமானது.

உயரத்தில் ஒரு இழுபறி உண்டு. சுற்றுகிறவருக்குக் கைப்பிடி ஒரு மீட்டர் உயரத்தில் வேண்டும். கயிறு தரையோடு போனால்தான் சட்டம் குப்புற விழாது. டிரம்மைக் கீழே வைத்து, முதல் கியர் ஜோடியை மேலே அடுக்கினால் இரண்டும் கிடைக்கும். 250 மி.மீ. அகல டிரம்முக்கு நேர் எதிரே குறைந்தது 5 மீட்டர் தள்ளி முதல் கப்பி இருக்கட்டும். நெருங்கி இருந்தால் கயிறு ஒரே பக்கம் குவிந்து, சரிந்து, குலுக்கும்.

மணலும் உப்பும்

மணவாளக்குறிச்சிக் கரை மணலில் கார்னெட் கலந்திருக்கிறது. உப்புத்தாள் செய்யப் பயன்படும் அதே கனிமம். கிரீஸ் தடவிய திறந்த கியரில் அது ஒட்டினால் பல்லை அரம்போல் அராவும். மூடி போடுங்கள், அடியில் தண்ணீர் வடிய ஓட்டையும் விடுங்கள். புஷ் கன்மெட்டலாகவும் கயிறு கால்வனைஸ் செய்ததாகவும் இருக்கட்டும். நைலான் வடத்தை டிரம்மில் சுற்றுகிறவர்களுக்கு: அது நீண்டு சுருங்கும், அறும்போது சாட்டையாகத் திரும்பும், ஒவ்வொரு சுற்றும் இறுக்கிப் பிடிப்பதால் டிரம்மின் பக்கத் தகடே விரியும்.

கயிற்று முனையில் திம்பிள் (கண்ணியைக் காக்கும் உலோக வளையம்) வைத்து மூன்று யூ கிளாம்ப், 60 மி.மீ. இடைவெளியில். வளைந்த யூ பகுதி வெட்டிவிட்ட குட்டை முனைமேல் வர வேண்டும். கிளாம்பின் மற்றப் பாதியான சேணம் பாரம் தாங்கும் நீளக் கயிற்றின்மேல் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் கயிறே நசுங்கும். டிரம்மில் எப்போதும் மூன்று சுற்றாவது மிஞ்சியிருக்கட்டும்.

முதல் சோதனையை வள்ளத்தில் செய்யாதீர்கள். தொங்கு தராசை இடையில் மாட்டி, அசையாத ஒன்றில் கட்டி 1,250 கிலோ வரை இழுங்கள். கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்க வேண்டாம், கயிற்றின்மேல் நனைந்த சாக்கு ஒன்றைப் போட்டு வையுங்கள். பிறகு தளர்த்தி, கிளாம்ப் நட்டுகளை மறுபடி முடுக்குங்கள். பாரம் ஏறியதும் கயிறு மெலிந்து அவை கட்டாயம் தளர்ந்திருக்கும்.