உலோகத்தை நுண்ணோக்கியில் படிக்கும் தொழிலுக்கு வர விரும்பும் குமரி மாணவர்களுக்கு

பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி., சேலம் அரசு பொறியியல் கல்லூரி ஆகியவற்றில் உலோகவியல் பட்டப்படிப்பில் சேரலாம். நாகர்கோவில் பக்கத்திலேயே மெக்கானிக்கல் படித்து முடித்தவர்கள், பொறியியல் முதுகலைக்கான நுழைவுத் தேர்வான கேட் எழுதி, பொருளறிவியலில் முதுகலைக்குச் செல்லலாம். ஆனால் இத்தொழிலில் ஒருவரை நிலைநிறுத்துவது மாதிரியைத் தயாரிக்கும் கைப்பழக்கம்தான் என்பதால், அதைப் பற்றியே இங்கு அதிகம் எழுதுகிறேன்.

பழகுவதற்கு நம் ஊர்க் கொல்லுப்பட்டறையில் அடித்த ஒரு பழைய வெட்டுக்கத்தியே போதும். கூர்ப்பக்கத்திலிருந்து முதுகு வரை குறுக்காக ஒரு சிறு துண்டை, தண்ணீர் இடைவிடாமல் விழும்படி வைத்து, மெதுவாக வெட்டி எடுக்க வேண்டும். வெட்டும் சூட்டில் எஃகு நிறம் மாறினால், நாம் பார்க்க வந்த அமைப்பே அழிந்துவிட்டது என்று பொருள். துண்டைப் பிடிக்க வசதியாக பேக்கலைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் பதிப்பது வழக்கம். ஆனால் அதற்கு ஏறத்தாழ 150 டிகிரி சூடு தேவைப்படுவதால், தோய்த்து இறுக்கிய, அதாவது பழுக்கக் காய்ச்சிச் சட்டெனக் குளிர்வித்துக் கடினமாக்கிய எஃகைக் குளிரிலேயே இறுகும் ரெசினில் பதிப்பதே நல்லது. பின்னர் 220, 400, 600, 800, 1000 என எமரி தாள்களில் வரிசையாகத் தேய்த்து, ஒவ்வொரு தாளுக்கும் துண்டை 90 டிகிரி திருப்பி, முந்தைய தாளின் கோடுகள் முழுவதும் மறைந்த பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். கடைசியில் துணிச் சக்கரத்தில் 1 மைக்ரான் வைரப் பசையால் கண்ணாடிபோல மெருகேற்றி, ஆல்கஹாலில் கழுவி உலர்த்த வேண்டும்.

98 மில்லி ஆல்கஹாலில் 2 மில்லி அடர் நைட்ரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் கிடைப்பது நைட்டால், எஃகின் அமைப்பு தெரியும்படி மேற்பரப்பை லேசாக அரிக்கும் கரைசல். துண்டை அதில் சில விநாடிகள் வைத்து, பளபளப்பு லேசாக மங்கியதும் எடுத்துவிட வேண்டும். நன்றாகத் தோய்த்த கத்தியானால், 500 மடங்கில் கூர்ப்பக்கத்தில் ஊசி ஊசியான மார்ட்டென்சைட், அதாவது தோய்த்ததால் உண்டாகும் கடினமான அமைப்பு, தெரியும். தோய்க்காத முதுகில், இரும்பும் இரும்புக் கார்பைடும் அடுக்கடுக்காக அமைந்த பியர்லைட் கருமையாகவும், ஏறக்குறைய தூய இரும்பான ஃபெர்ரைட் வெண்மையாகவும் தெரியும். வெளிவிளிம்பில், உலையில் கார்பனை இழந்த வெள்ளைப் பட்டையும் பெரும்பாலும் தென்படும். தீட்டத் தீட்ட ஏன் ஒரு கத்தி நன்றாகிறது என்பதற்கு, மென்மையான அந்தப் பட்டை தேய்ந்து போவதும் ஒரு காரணம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், தேய்ந்த எமரி தாளில் அழுத்தித் தேய்த்த வார்ப்பிரும்பு ஒன்றில், அதில் இயல்பாகவே இருக்கும் கிராஃபைட் என்ற கார்பன் செதில்கள் பிய்ந்து உண்டான குழிகளை, வார்ப்பின் ஓட்டைகள் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். ஒரு தொகுதி வார்ப்புகள் முழுவதும் கழிக்கப்பட இருந்த நேரத்தில், மூத்தவர் ஒருவர் அதே துண்டைப் புதிதாக மெருகேற்றிக் காட்டினார். குழிகள் இருந்த இடங்களில் கிராஃபைட் செதில்கள் முழுமையாக நின்றன. அன்றிலிருந்து சந்தேகமான எதையும் இரண்டு முறை மெருகேற்றிப் பார்க்காமல் நான் எழுதுவதில்லை.

வேலைவாய்ப்பு நாம் நினைப்பதைவிட அருகில் இருக்கிறது. திருவனந்தபுரத்திலும் மகேந்திரகிரியிலும் இஸ்ரோ மையங்கள் உள்ளன. கோவை வார்ப்பாலைகளும் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையமும் தமிழகத்திற்குள்ளேயே இருக்கின்றன. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளின் கியர்பெட்டியில் பேரிங் உடைந்தால் அதை வெட்டிப் பார்க்க ஆள் வேண்டும். அத்தகைய விரிசல்களின் ஓரம் நைட்டாலில் கறுக்காமல் வெண்மையாக நிற்பதைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு மதிப்பு உண்டு. குளச்சல் விசைப்படகுகளின் பித்தளைப் பாகங்களில், உப்புநீர் துத்தநாகத்தைக் கரைத்துச் செம்பைச் சிவப்பாக விட்டுச்செல்வதும் இதே நுண்ணோக்கியில்தான் வெளிப்படும்.

மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் இல்மனைட், டைட்டானியத்தின் தாது. ஆனால் டைட்டானியத்திற்கான அரிப்புக் கரைசலில் தோலுக்குள் ஊடுருவிக் கடுமையாகப் பாதிக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்வதால், அதைத் தனியாக இருக்கும்போது ஒருபோதும் எடுக்கக் கூடாது. அது தோலில் பட்டால் உடனே தடவும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அளவுகோடு பதிவாகியிருப்பதை உறுதி செய்துகொண்டு, துண்டு எங்கிருந்து எந்தத் திசையில் வெட்டப்பட்டது, எந்தக் கரைசல், எத்தனை விநாடி என்பதை அன்றைக்கே நோட்டில் எழுதிவையுங்கள். நேர்முகத் தேர்வுக்குச் செல்லும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.